எட்டுக் கை விளக்குக்கு என்ன பல்பு?

மதுரை டவுன் ஹால் ரோட்டில் எந்த எலக்ட்ரிகல் கடைப் படி ஏறினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை வாட்ஸ்க்கா?" அடுத்தது, "வெள்ளையா, மஞ்சளா?" மூன்றாவது கேள்வி கிடையாது. பெட்டியை எடுத்து, கவுண்டரில் இருக்கிற ஹோல்டரில் மாட்டி, எரிகிறது என்று காட்டிவிட்டு பில் போட்டுவிடுவார்கள். அடுப்படிக்கும் மாடிப்படிக்கும் அது போதும். தொங்கு விளக்கு, சுவர் விளக்கு, கண்ணாடிக் குண்டு என்று ஆசைப்பட்டு வாங்கி மாட்டியிருக்கிற விளக்குகளுக்குப் போதாது.

திருநகரில் எங்கள் வீட்டு முன்னறையில் சுங்குடிச் சேலை வைத்து விற்கிறேன். சேலை பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் கேட்கிற சாக்கில் ஹாலை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த லைட்டு எங்க வாங்குனீங்க, கரண்ட் பில் எகிறாதா?" என்று ஆரம்பிப்பார்கள். வாட்ஸ்அப் குழுவிலும் அதே கேள்வி. ஒவ்வொருவருக்கும் வாய்ஸ் மெசேஜ் பேசித் தொண்டை காய்ந்ததுதான் மிச்சம். இனிமேல் இந்தப் பதிவை அனுப்பிவிட்டு நான் சேலை மடிக்கப் போகலாம்.

முதலில் விளக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருப்பது தெரிந்திருக்கும். அங்கே வாங்கியது. நடுவில் பித்தளைத் தண்டு, எட்டுக் கை, ஒவ்வொரு கையிலும் ஒரு கண்ணாடிக் கிண்ணம், அதைச் சுற்றித் தொங்கட்டான்கள். மெழுகுவர்த்தி வைக்கச் செய்த விளக்கு. பிற்பாடு யாரோ வயர் இழுத்து ஹோல்டர் மாட்டியிருக்கிறார்கள். கடைக்காரர் பெல்ஜியம் கண்ணாடி என்று சத்தியம் பண்ணினார். காரைக்குடியில் ஜன்னல் கண்ணாடிகூட பெல்ஜியம்தான் என்பதால் நான் அதற்குத் தனியாகக் காசு கொடுக்கவில்லை. தொங்கட்டான்களை விளக்கிக் கழுவியபோது வெயிலில் ஏழு நிறமும் சுவரில் விழுந்தது. எனக்கு அது போதும்.

வீட்டுக்கு வந்ததும் எலக்ட்ரீஷியன் தம்பி சொன்னது: "மொதல்ல வயரை மாத்துவோம்க்கா, பல்பெல்லாம் பெறகு." கைக்குள்ளே ஓடியிருந்த வயரின் உறை தொட்டாலே உதிர்ந்தது. வருஷக்கணக்காகக் குண்டு பல்பு சூட்டில் வெந்த உறை அப்படித்தான் ஆகும். எட்டு ஹோல்டரையும் மாற்றி, பித்தளை உடம்புக்குத் தனியாக எர்த் இழுத்துக் கொடுத்தார். பழைய உலோக விளக்கு வைத்திருக்கிறவர்கள் வேறு எதைப் படிக்காமல் விட்டாலும் இந்த எர்த் வயரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இனி பல்பு.

எல்இடி என்றாலே நம் ஊரில் ஒன்பது வாட் வெள்ளை பல்பு என்று ஆகிவிட்டது. அதற்குக் காரணம் இருக்கிறது. 2015 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய மலிவு விலை எல்இடி திட்டமான உஜாலாவில் முதலில் ஏழு வாட், பிறகு நாடு முழுக்க ஒன்பது வாட் பல்பைக் கொடுத்தார்கள். 2014-ல் அரசு நிறுவனம் ஒரு பல்பை 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தது. கோடிக்கணக்கில் வாங்க வாங்க விலை சரிந்து 2016-ல் 38 ரூபாய்க்கு வந்தது. அந்தச் சரிவில்தான் எல்இடி எல்லா வீட்டுக்குள்ளும் வந்தது, நல்லதுதான். ஆனால் எந்த விளக்கைப் பார்த்தாலும் ஒன்பது வாட்டைச் சொருகுகிற பழக்கமும் கூடவே வந்தது. எங்கள் வீட்டுக்காரரும் இந்த எட்டுக் கைக்கு எட்டு வெள்ளை பல்பு வாங்கி வந்தார். ஹோல்டர் சின்னது, பல்பு பெரியது. அதற்கு ஒரு கன்வெர்ட்டர் வேறு. கிண்ணத்துக்கு மேலே பல்பின் தலை நீட்டிக்கொண்டு நின்றது. சுவிட்சைப் போட்டதும் அத்தை கண்ணுக்கு மேலே கை வைத்துக்கொண்டு, "என்னத்தா, எல்லாரும் இப்படி வெளிறிப் போய்த் தெரியிறோம்?" என்றார்கள். சாயங்காலத்துக்குள் எட்டும் கழற்றப்பட்டு கார் ஷெட்டுக்கும் மாடிக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டன.

கணக்கைப் பாருங்கள். எட்டுக் கைக்கும் பழைய 40 வாட் குண்டு பல்பு போட்டால் 320 வாட். ராத்திரி நாலு மணி நேரம் எரித்தால் ஒரு நாளைக்கு 1.28 யூனிட். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங். அறுபது நாளில் கிட்டத்தட்ட 77 யூனிட். அதே வெளிச்சம் தருகிற எல்இடி 4 வாட்தான். எட்டுக்கும் சேர்த்து 32 வாட், அறுபது நாளில் எட்டு யூனிட்டுக்கும் கீழே. சித்திரை வெயிலில் ஏசி ஓடுகிற வீட்டில் 500 யூனிட்டைத் தாண்டுகிறோமா தாண்டவில்லையா என்பதுதான் பில்லைத் தீர்மானிக்கிறது. தாண்டினால் இரண்டாவது நூறு யூனிட்டுக்கும் சலுகை விலை போய்விடும். அந்த எல்லையில் நிற்கும்போது 70 யூனிட் என்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் மிச்சம் முழுக்க இந்த முதல் தாவலிலேயே வந்துவிடுகிறது. இதற்குப் பிறகு ஒரு எல்இடிக்கும் இன்னொரு எல்இடிக்கும் இடையே மிச்சம் பார்ப்பதில் சாரமே இல்லை. லுமன் என்பது வெளிச்சத்தின் அளவு. ஒரு கம்பெனி பல்பு வாட்டுக்கு 120 லுமன் தருகிறது, இன்னொன்று 90 தருகிறது என்று வையுங்கள். 4 வாட் பல்பு போட்டால் அது பல்புக்கு ஒரு வாட் வித்தியாசம். எட்டு பல்பு, தினம் நாலு மணி நேரம், முழு வருஷத்துக்கும் பன்னிரண்டு யூனிட்கூட வராது. அந்தப் பன்னிரண்டு யூனிட்டை மிச்சம் பிடிக்கப் போய் மூஞ்சி வெளிறுகிற வெளிச்சத்தில் வருஷம் பூரா உட்கார முடியாது. அலங்கார விளக்கில் நான் அதிக லுமன் தரும் பல்பைத் தேடுவதில்லை. குறைந்த லுமன், நல்ல நிறம், சரியான உருவம், இந்த மூன்றையும்தான் தேடுகிறேன். வெளிச்சத்தைக் குறைத்தாலே மிச்சம் தானாக வந்து சேர்கிறது.

குறைந்த லுமன் ஏன் என்றால், இந்த விளக்குகளில் பல்பு கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. டியூப்லைட்டை யாரும் பார்ப்பதில்லை, அதன் வெளிச்சத்தில் வேறு எதையோ பார்க்கிறோம். தொங்கு விளக்கை விளக்காகவே பார்க்கிறோம். கண் கூசினால் அதன் அழகு முழுக்க வீண். கையொன்றுக்கு 4 வாட், ஏறக்குறைய 400 லுமன் என்று போட்டால் எட்டுக்கும் 3200 லுமன். எங்கள் ஹாலுக்கு அது அதிகம். 2 வாட் போட்டோம். பல்புக்குச் சுமார் 200, மொத்தம் 1600. சோபாவில் உட்கார்ந்து பேச, டிவி பார்க்க, விருந்தாளி வந்தால் காபி கொடுக்க அது தாராளம். வீட்டுக்காரர் பேப்பர் படிக்கவும் நான் ஊசியில் நூல் கோர்க்கவும் சுவரில் ஒரு 20 வாட் எல்இடி பேட்டன் (டியூப்லைட் மாதிரி நீள விளக்கு) இருக்கிறது. தொங்கு விளக்கின் தலையில் அந்த வேலையையும் கட்டினால் இரண்டும் கெட்டுப்போகும்.

உருவம். கடையில் கேண்டில் பல்பு என்று கேட்டால் இரண்டு வகை எடுத்துப் போடுவார்கள். ஒன்று பாதி வெள்ளை பிளாஸ்டிக் உடம்பு, மேலே பால் நிற மூடி. இன்னொன்று முழுக்கத் தெளிந்த கண்ணாடி, உள்ளே மஞ்சள் குச்சிகள் தெரியும். ஃபிலமென்ட் எல்இடி என்று பெயர். முதல் வகை விலை குறைவு. அதன் பிளாஸ்டிக் உடம்பு கீழ்ப்பக்கம் வெளிச்சத்தை விடாது. கை விளக்கில் பல்பு மேல் நோக்கி நிற்பதால் வெளிச்சமெல்லாம் சீலிங்குக்குப் போகும், கீழே எட்டு நிழல் விழும், கிண்ணமும் தொங்கட்டானும் இருட்டில் கிடக்கும். ஃபிலமென்ட் வகையில் குச்சி ஒவ்வொன்றும் சின்னச் சின்ன எல்இடிகள் வரிசையாகப் பதித்த பட்டை. நாலாபக்கமும் வெளிச்சம் போகும். உள்ளே ஹீலியம் மாதிரி சூட்டைக் கடத்தும் வாயுவை அடைத்திருப்பார்கள், அது குச்சியின் சூட்டைக் கண்ணாடிக்குக் கொண்டுபோய் வெளியேற்றும். அதனால்தான் மற்ற எல்இடிகளில் சூட்டை இழுக்க வைக்கிற அலுமினியத் துண்டு இல்லாமலே அந்தப் பல்பு வேலை செய்கிறது.

அதிலும் தெளிந்த கண்ணாடியா, பால் நிறமா என்ற கேள்வி உண்டு. தொங்கட்டான் உள்ள விளக்குக்குத் தெளிந்த கண்ணாடிதான். மூக்குத்திக் கல் நேர் வெயிலில் டாலடிக்கும், மேகம் மூடிய நாளில் அதே கல் சும்மா இருக்கும். வெளிச்சம் சின்னப் புள்ளியிலிருந்து வந்தால்தான் பட்டை தீட்டிய கண்ணாடி அதை உடைத்துச் சிதறடிக்கும். பால் மூடி புள்ளியைக் கரைத்துவிடுகிறது. தொங்கட்டான் இல்லாத, மூடிய பால் கண்ணாடிக் குண்டு, துணிக் கூடு, ஓலைக் கூடு இவற்றுக்கு நேர் எதிர். அங்கே பல்பு வெளியே தெரியாது. வெளிச்சம் ஒரே சீராகப் பரவ பால் நிறமே நல்லது. தெளிந்த பல்பைத் துணிக் கூட்டுக்குள் போட்டால் சுவர் முழுக்கக் கோடு கோடாக நிழல் ஆடும். பழுப்புக் கண்ணாடியில் எடிசன் பல்பு என்று ஓட்டல்களில் தொங்குகிறதே, அதை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். பழுப்புக் கண்ணாடி வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். அதில் சாம்பார் எது, வத்தக்குழம்பு எது என்று தெரியாது.

நிறத்தைக் கெல்வினில் சொல்கிறார்கள். பெட்டியில் 2700, 3000, 4000, 6500 என்று போட்டிருக்கும். எண் ஏற ஏற மஞ்சள் போய் வெள்ளை, அப்புறம் நீலம் கலந்த வெள்ளை. குண்டு பல்பு ஏறக்குறைய 2700. கடையில் "மஞ்சளா அடிக்கும்க்கா" என்றால் அது 2700 அல்லது 3000. பித்தளை, தேக்கு, ஆத்தங்குடிக் கல், சுண்ணாம்புச் சுவர் இவை உள்ள வீட்டுக்கு 2700-ஐத் தாண்ட வேண்டியதில்லை என்பது என் கட்சி. 6500-ல் பித்தளை ஈயம் பூசியதாகத் தெரியும். நம் ஊரில் வெள்ளை வெளிச்சம்தான் பளிச், மஞ்சள் என்றால் கரண்ட் குறைவு என்று ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. லோ வோல்டேஜில் குண்டு பல்பு சிவந்து அழுத காலத்தின் மிச்சம் அது. ஒரே விளக்கில் இரண்டு கெல்வின் கலக்காதீர்கள். ஒரே ஹாலில் கலந்தாலும் உறுத்தும். எங்கள் பேட்டனும் அதே மஞ்சள்தான்.

இப்போது என் பிழைப்புக்கு வருகிறேன். சேலைக்காரி சொல்ல வேண்டிய இடம் இது.

கெல்வின் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும். அந்த வெளிச்சத்தில் பொருளின் நிறம் எப்படித் தெரியும் என்பதைச் சொல்லாது. அதற்குத் தனி எண், சிஆர்ஐ. 100 என்றால் பகல் வெளிச்சத்திலும் குண்டு பல்பிலும் தெரிகிற மாதிரி. சாதாரண எல்இடியில் 80 இருக்கும். பெட்டியில் சிஆர்ஐ என்றே போடாத பல்பு 80-ஐத் தொடாது என்று எடுத்துக்கொள்வேன். வெள்ளை எல்இடிக்குள் இருப்பது உண்மையில் நீல எல்இடி. அதன் மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர், நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக்கி, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல எல்இடியைச் செய்துகாட்டியதற்குத்தான் ஜப்பானில் பிறந்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். இந்தக் கலவையில் குறைவாக இருப்பது அடர் சிவப்பு. வெளிச்சத்திலேயே சிவப்பு இல்லையென்றால் சேலையில் சிவப்பு எங்கிருந்து தெரியும்? அரக்கு நிறச் சுங்குடி மட்டமான எல்இடியில் காப்பிக்கொட்டை நிறமாகத் தெரியும். குங்குமச் சிவப்பு செங்கல்லாகிவிடும். மயில் கழுத்து நிறத்தில் பச்சை ஓடுகிறதா நீலம் ஓடுகிறதா என்று சண்டையே வரும்.

விளக்குத்தூணில் மொத்தக் கடைகளுக்குச் சரக்கு எடுக்கப் போகும்போது பழைய ஆட்கள் சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலில் விரித்துப் பார்ப்பார்கள். (கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நட்ட விளக்கு அந்த இடத்துக்கே பெயராகிவிட்டது. அங்கேயே நின்று வெளிச்சம் போதாமல் வெயிலைத் தேடுகிறோம்.) கடைக்குள் பளீரென்று இருக்கிறதே என்று ஏமாந்தால் வீட்டுக்கு வந்து பிளவுஸ் பிட் மேட்ச் ஆகாது.

அதனால் என் முன்னறையில், நிலைக்கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் இருக்கிற சுவர் விளக்குகளில் சிஆர்ஐ 90-க்கு மேல் உள்ள பல்புதான். அங்கே மட்டும் 4000 கெல்வின், ஏனென்றால் சேலையைப் பகலிலும் கட்டுவார்கள். 90 பல்பு விலை கூடுதல். அதே வாட்டுக்கு லுமனும் கொஞ்சம் குறைவாக வரும், சிவப்பைச் சேர்க்கக் கொடுக்கிற விலை அது. ஹால் விளக்குக்கும் 90 கிடைத்தால் எடுப்பேன். சாப்பாட்டு மேஜைக்கு மேல் தொங்குகிற விளக்குக்குக் கட்டாயம் எடுக்கச் சொல்வேன். தக்காளியும் காரச் சட்னியும் சிவப்பாகத் தெரிந்தால்தான் நாக்கில் எச்சில் ஊறும். பெட்டியில் ஆர்9 என்று ஒரு எண்ணும் சேர்த்துப் போட்டிருந்தால், அந்தக் கம்பெனி சிவப்பைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அபூர்வமாகத்தான் போடுவார்கள்.

மேஜை விளக்கு என்றதும் ஞாபகம். அது பனை ஓலைக் கூடு, கவிழ்த்துத் தொங்கவிட்ட கூடை. குண்டு பல்பு காலத்தில் அந்த ஆசையே பட முடியாது. 60 வாட் பல்பை ஓலைக்குள் வைத்தால் வறண்டு கருகும். எல்இடி 5 வாட், பால் நிறக் குண்டு, கூட்டின் உட்பக்கம் தொட்டாலும் சூடு தெரியவில்லை. ஓலை, மூங்கில், துணி என்று விளக்கு செய்ய முடிவதே எல்இடி கொடுத்த வரம்.

ஆனால் எல்இடிக்குச் சூடே கிடையாது என்று சொல்வதை நம்பாதீர்கள். சூடு முன்னால் வராது, அடிப்பக்கத்தில் தங்கும். அங்கேதான் டிரைவர் எனப்படும் சின்ன சர்க்யூட் இருக்கிறது. அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர் சூட்டில் காய்ந்து சாகும்; பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் வைத்திருக்கிற பொதுக் கணக்கு. பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருப்பான். தினம் நாலு மணி நேரம் என்றால் 17 வருஷம்! அது எல்இடியின் வெளிச்சம் முப்பது சதவீதம் குறைய ஆகும் நேரம். டிரைவர் அதுவரை காத்திருப்பதில்லை. எங்கள் வாசல் திண்ணையில் நாலு பக்கமும் கண்ணாடி அடைத்த லாந்தர் விளக்கு இருக்கிறது. சுற்றிலும் மூடியது, பல்பு தலைகீழாகத் தொங்குவதால் சூடு நேரே டிரைவருக்குத்தான் ஏறும், வெளியே மதுரை மே மாதம். அங்கே ஒன்பது வாட் போட்டால் சீக்கிரமே கண் சிமிட்ட ஆரம்பிக்கும். 4 வாட் போட்டு, மேல் மூடியில் இருந்த காற்றுத் துளைகளில் பெயின்ட் அடைத்திருந்ததை ஆணியால் குத்தித் திறந்துவிட்டோம். மூடிய விளக்குக்குப் பயன்படுத்தலாமா கூடாதா என்று சில பெட்டிகளிலேயே போட்டிருக்கும், பார்த்து எடுங்கள்.

திண்ணை விளக்குக்கு மஞ்சள் வாங்க இன்னொரு காரணம் பூச்சி. நீலம் அதிகமுள்ள வெளிச்சத்துக்குத்தான் பூச்சி அதிகம் வரும். ஐப்பசியில் ஒரு மழை விட்டதும் ஈசல் புறப்படும்போது எதிர் வீட்டு 6500-க்கும் எங்கள் 2700-க்கும் வித்தியாசம் காலையில் கூட்டும்போது தெரியும். வராமலே இருக்காது, விளக்குமாற்றுக்கு வேலை குறையும்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வைக்கலாம், ஆனால் தலைவலி. பெட்டியில் டிம்மபிள் என்று போட்டிருந்தால்தான் அந்தப் பல்பு டிம்மருக்கு ஆகும். பழைய குண்டு பல்பு டிம்மர்கள் நூற்றுக்கணக்கான வாட்டுக்குச் செய்தவை. 16 வாட் எல்இடி அதற்கு ஒரு சுமையே இல்லை, கீழே இறக்கும்போது துடிக்கும், உறுமும். எல்இடிக்கென்றே இருக்கிற டிம்மரும் வேண்டும், பல்பும் வேண்டும், இரண்டும் ஒத்தும் போக வேண்டும். அப்படியும் குண்டு பல்பு மங்கும்போது செந்நிறமாகுமே, அது எல்இடியில் வராது; வருகிற வகை தனி, விலையும் தனி. நாங்கள் வயரை மாற்றும்போதே நாலு கைக்கு ஒரு சுவிட்ச், மற்ற நாலுக்கு ஒரு சுவிட்ச் என்று பிரித்துவிட்டோம். ஒன்றுவிட்டு ஒரு கை. கூடுதலாக ஒரே ஒரு வயர்தான் செலவு. டிவி பார்க்கும்போது நாலு, ஆள் வந்தால் எட்டு.

துடிப்பைப் பற்றி மகள் சொல்லித்தான் எனக்குப் புத்தியில் ஏறியது. குழுவில் போடச் சேலைகளை அவள்தான் ஃபோனில் வீடியோ எடுப்பாள். ஒரு பல்பின் கீழே எடுத்தால் சேலை மேல் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடும். நம் கரண்ட் நொடிக்கு ஐம்பது சுற்று. மட்டமான டிரைவர் அதைச் சமப்படுத்தாமல் விட்டால் வெளிச்சம் நொடிக்கு நூறு தடவை ஏறி இறங்கும். கண்ணுக்கு நேராகத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும், சிலருக்குத் தலைவலியாகத் தெரியும். ஃபிலமென்ட் வகையில் இந்தத் தொல்லைக்கு வாய்ப்பு அதிகம், ஏனென்றால் டிரைவரை அந்தச் சின்னத் திருகுக்குள்ளேயே அடக்க வேண்டும். பெரிய கெப்பாசிட்டருக்கு இடமில்லை. கடையிலேயே பல்பை எரியவிட்டு ஃபோன் கேமராவைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். பட்டை ஓடினால் திருப்பிக் கொடுங்கள். கடைக்காரர் முதலில் முறைத்தார், இப்போது அவரே ஃபோனை எடுத்துப் பார்க்கிறார்.

பூஜை அறையில் அத்தையின் ஜீரோ வாட் சிவப்பு பல்பு ராப்பகலாக எரிந்துகொண்டிருந்தது. பெயர்தான் ஜீரோ, பழைய பல்பு பன்னிரண்டு, பதினைந்து வாட் இழுக்கும். பழைய மீட்டர் அந்தச் சின்னச் சுமைக்கு அசையாது என்பதால் வந்த பெயர் என்பார்கள். அதை அரை வாட் எல்இடியாக மாற்றினோம். அத்தைக்கு நிறம் மாறக்கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. மாற்றிய பிறகு, சுவிட்சை அணைத்தாலும் லேசாக மினுங்கிக்கொண்டே இருந்தது. அத்தை அம்மன் அருள் என்றார்கள். எலக்ட்ரீஷியன் தம்பி வந்து பார்த்து, சுவிட்ச் கரண்ட் வருகிற ஃபேஸ் வயரில் இல்லாமல் திரும்பிப் போகிற நியூட்ரல் வயரில் இருந்ததைக் கண்டுபிடித்து மாற்றினார். சுவிட்சிலேயே சின்ன இண்டிகேட்டர் லைட் இருந்தாலும் அதன் வழியாகக் கசிகிற கரண்ட்டில் எல்இடி இப்படி மினுங்கும். ஆபத்து பெரும்பாலும் பல்பில் இல்லை. நியூட்ரலில் சுவிட்ச் இருந்தால் அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும், பல்பு மாற்றக் கை வைக்கிறவருக்குத்தான் ஆபத்து. அத்தையிடம் இதை யாரும் விளக்கவில்லை. கார்த்திகைக்கு மட்டும் எங்கள் வீட்டில் எல்இடி அகல் கிடையாது, எண்ணெயும் திரியும்தான். அங்கே யூனிட் கணக்கு பார்ப்பதாக இல்லை.

கடைக்குப் போகும்போது எடுத்துப் போக வேண்டியது பழைய பல்பு. ஹோல்டரில் குறைந்தது மூன்று வகை புழக்கத்தில் இருக்கிறது. நம் வீட்டுச் சாதாரண பின் டைப் பி22, பெரிய திருகு இ27, சின்னத் திருகு இ14. தொங்கு விளக்குகளில் பெரும்பாலும் இ14. "சின்னத் திருகு" என்று வாயால் சொன்னால் எதையாவது கொடுப்பார்கள். பழைய பல்பைக் கையில் காட்டினால் பேச்சே இல்லை. முடிந்தால் கிண்ணத்தையோ கூட்டையோ ஒன்று கழற்றிக் கொண்டுபோங்கள், பல்பின் உயரமும் தெரிந்துவிடும். கடையில் நூறு விளக்கு எரியும்போது எல்லா பல்பும் மங்கலாகத்தான் தெரியும். அதைப் பார்த்து "இன்னும் பவர் கூட்டிக் குடுங்க" என்று கேட்டுவிடாதீர்கள்.

பெட்டியில் ஐஎஸ் 16102 என்ற எல்இடி பல்புக்கான தர எண்ணும், ஆர் என்று தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத சரக்கு தராசில் போட்டு விற்காத குறையாக மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். ஸ்டார் லேபிள் இருந்தால் நல்லது, ஆனால் அது வாட்டுக்கு எத்தனை லுமன் என்பதை வைத்துத்தான். சிவப்பு சிவப்பாகத் தெரியுமா என்று நட்சத்திரம் சொல்லாது.

எட்டுக் கைக்குப் பத்து பல்பாக வாங்குங்கள். ஒரே கம்பெனி, ஒரே கெல்வின் என்றாலும் அடுத்த வருஷம் வருகிற சரக்கில் நிறம் ஒரு சாயல் மாறியிருக்கும். ஏழு ஒரு மாதிரியும் ஒன்று ஒரு மாதிரியும் எரிந்தால் வருகிறவர்கள் கண் நேரே அந்த ஒன்றுக்குத்தான் போகும். நான் பெட்டியின் மேலேயே வாங்கிய தேதியை மார்க்கரால் எழுதி, பில்லை உள்ளே மடித்து வைத்து, சேலை பீரோவின் மேல்தட்டில் போட்டுவிடுவேன். இரண்டு வருஷ கேரண்டி என்பது பில் இருந்தால்தான். பில் கேட்டால் "நம்ம கடைதானேக்கா" என்பார்கள். ஆமாம் தம்பி, இருந்தாலும் குடுங்க.